பதிமூணு ரூபாய் அஞ்சணா

உங்களுக்கு ஸ்கேல் பார்க்கத் தெரியுமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பி.காம்., எம்.காம். எல்லாம் வாங்கி பிரேம் போட்டு மாட்டியிருப்பீர்கள். நானும் மாட்டியவன்தான். ஒரு சின்ன பரீட்சை. ஆபீஸ் டிராயரிலிருந்து ஸ்கேலை எடுங்கள். இன்ச் பக்கம் திருப்புங்கள். இன்ச்சுக்குப் பதினாறு கட்டம் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் (சில ஸ்கேலில் பத்தாகப் பிரித்துத் தொலைத்திருப்பார்கள்). இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பதினோராவது சின்னக் கோட்டில் பேனா முனையை வைத்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் "இது எவ்வளவு சார்?" என்று கேளுங்கள். "ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி" என்பார். "அந்தக் கொஞ்சம் எவ்வளவு சார்?" என்று கேட்டால், ஸ்கேலை மெள்ளத் திருப்பி சென்டிமீட்டர் பக்கம் ஓடிவிடுவார்.

அந்தக் 'கொஞ்ச'த்தில்தான் 1996-ல் என் கல்யாணம் நின்றுபோக இருந்தது.

அப்போது குரோம்பேட்டையில், ரயில்வே லைனை ஒட்டி ஒரு வாடகை போர்ஷனில் அம்மாவும் நானும் இருந்தோம். கிண்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு அக்கவுண்ட்ஸ் உத்தியோகம். பெண் பார்த்தாகிவிட்டது. பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது (இதை இன்றுவரை எழுத்து மூலம் வாங்கவில்லை). பெண்ணின் அப்பா மட்டும், "ஞாயித்துக்கிழமை வந்து வீட்டைப் பாத்துட்டுப் போறேனே" என்று சொல்லியனுப்பியிருந்தார். தொழிற்சாலையில் டர்னராக இருந்து ரிடையர் ஆனவர். கறாரான மனுஷர் என்று தரகர் எச்சரித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எதிர்வீட்டுப் பையன் அடித்த ஒரு ஸ்கொயர் கட், எங்கள் முன் ரூம் ஜன்னல் கண்ணாடியில் பவுண்டரியானது.

கண்ணாடியை நானே அளந்து, நானே வாங்கி, நானே மாட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். ஆசாரியைக் கூப்பிட்டால் கூலி தனி. அதோடு, வருகிறவர் டர்னர். "இதை நானே மாட்டினேன் சார்" என்று பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை போட்டு வைக்கலாமே என்று அல்ப ஆசை.

கண்ணாடி உடைத்த பையனின் ஜியாமெட்ரி சாமான்களிலிருந்தே ஒரு அடி ஸ்கேல் கடன் வாங்கினேன். அவனும் கூடவே வந்து நின்று, "அங்கிள், ஓரத்துலேர்ந்து வைக்காதீங்க, சைபர்லேர்ந்து வைங்க" என்றான். ஏழாம் கிளாஸ். சொன்னது நியாயம்தான். பிளாஸ்டிக் ஸ்கேலில் சைபர் கோடு ஓரத்திலேயே இருக்காது, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். அந்தக் குழிக்குத் தப்பித்தேன். அடுத்த குழி அவன் சிலபஸில் இல்லை.

சட்டத்தில் கண்ணாடி உட்காருகிற பள்ளத்தை அளந்தேன். உயரம் தகராறில்லாமல் வந்தது. அகலம் பதிமூன்று இன்ச், அதற்கு மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு கோடு. பஸ் டிக்கெட்டின் பின்னால் '13 - 5' என்று எழுதிக்கொண்டேன்.

கண்ணாடிக் கடைக்காரர் வேலையாக இருந்தார். நிமிராமலே, "அகலம்?" என்றார்.

"பதிமூணு இன்ச், அஞ்சு."

"அஞ்சு நூலா?"

நூல் என்றால் என்ன? கோடுதானே? நூல் மாதிரிதானே இருக்கிறது? கேட்டுவிட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் இரண்டு மேஸ்திரிகள் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எதிரில், டை கட்டின ஒரு ஆள், 'நூல்னா என்னங்க?' என்று கேட்பதாவது!

"ஆமா, அஞ்சு நூல்" என்றேன், தினமும் நூல் பிடிக்கிறவன் மாதிரி.

வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால், கண்ணாடி சட்டத்துக்குள் இறங்கவே இல்லை. ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அதிகம். கண்ணாடிக்கு 8 மில்லிமீட்டர் என்பது ரப்பருக்கு 8 மில்லிமீட்டர் மாதிரி அல்ல. இழுத்துப் பிடித்து உள்ளே தள்ள முடியாது.

திரும்ப எடுத்துப் போனேன். 'வெட்டிய கண்ணாடி வாபஸ் பெறப்படமாட்டாது' என்ற போர்டு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. கடைக்காரர், "பட்டை எடுத்துத் தரேன், உடைஞ்சா நான் பொறுப்பில்ல. எவ்ளோ குறைக்கணும்?" என்றார்.

மறுபடியும் டிக்கெட்டைப் பார்த்தேன். அதிகமாக இருந்தது கரெக்டாக அஞ்சு கோடு. வீட்டிலேயே எண்ணி வைத்திருந்தேன்.

"அஞ்சு" என்றேன்.

இப்போது சட்டத்துக்குள் கண்ணாடி சுலபமாக இறங்கியது. இறங்கி, உள்ளே காலாற நடந்தது. இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் ஒரு கீற்று வெளிச்சம். வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம். மின்சார ரயில் போகும்போதெல்லாம் கடகடவென்று தந்தி அடித்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. கடைசியில், இதே மாதிரி ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து தாளைக் கிழித்து எட்டாக மடித்து, இடுக்கில் ஆப்பு வைத்து, பீடிங்கை அடித்து மூடினேன். அப்பாடா.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார். கதர் சட்டை, கையில் குடை. நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். சம்பளம் கேட்டார். சொன்னேன். பி.எஃப். உண்டா என்றார். உண்டு என்றேன். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது தாம்பரம் லோக்கல் வந்தது.

கடகடகட.

பேச்சை நிறுத்தினார். எழுந்தார். ஜன்னலருகே போய், பீடிங் ஓரத்தில் எட்டிப் பார்த்த தாளை இரண்டு விரலால் பிடித்து உருவினார். கண்ணாடி 'டக்' என்று சாய்ந்தது. சட்டைப் பையிலிருந்து, மற்றவர்கள் பேனா எடுப்பது போல, ஆறு இன்ச் ஸ்டீல் ரூல் ஒன்றை எடுத்தார். ரிடையர் ஆனபிறகும் பையில் வைத்துக்கொண்டு திரிகிற மனுஷர்!

"நீங்களே மாட்டினதா, தம்பி?"

போட நினைத்த வார்த்தையை அவரே போட்டுவிட்டார். "ஆமா சார்" என்றேன், வேறு தொனியில்.

கதை பூராவையும் கேட்டார். கோடு, நூல், அஞ்சு, மறுபடி அஞ்சு. சிரிக்கவில்லை. அதுவே ஒரு மரியாதை.

"தம்பி, ரூபாய்க்கு எத்தனை அணா?"

நான் பிறப்பதற்கு முன்னாலேயே அணா போய்விட்டது. 1957 ஏப்ரல் 1-ம் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று மாற்றிவிட்டார்கள். இருந்தாலும் வீட்டில் கேட்டு வளர்ந்ததால், "பதினாறு" என்றேன்.

"இந்த ஸ்கேல்ல இன்ச்சுக்கு எத்தனை கட்டம்?"

"பதினாறு."

"அப்ப, ஒரு இன்ச்சு ஒரு ரூபா. சின்னக் கோடு ஓரணா. நீங்க கடையில கேக்க வேண்டியது பதிமூணு ரூபா அஞ்சணா. நூல்னா ரெண்டணா, தம்பி. அஞ்சு நூல்னு சொன்னீங்க; அவன் பதிமூணு ரூபா பத்தணாவுக்குக் குடுத்துட்டான். அப்புறம் அஞ்சணாவைக் கொறைக்கச் சொல்லிட்டு அஞ்சுன்னீங்க. அவன் அதே மாதிரி பத்தணாவைக் கொறைச்சான். இப்ப கையில நிக்கறது வெறும் பதிமூணு ரூபா. கணக்கு சரியா வருதா?"

கணக்கு அச்சாக வந்தது. அக்கவுண்ட்ஸ்காரனுக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டாம்.

இங்கே அவரைக் காபி குடிக்கச் சொல்லிவிட்டு நான் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். அன்றைக்கு அவர் ஜன்னலோரமாக நின்று சொன்னதைப் போல் எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இன்ச்சில் கோடுகள் ஏன் உயரமும் குட்டையுமாக இருக்கின்றன? அழகுக்கு அல்ல. நட்டநடுவில் நிற்கிற உயரமான கோடு அரை. அதாவது எட்டணா. அதற்கு இரண்டு பக்கமும் அடுத்த உயரத்தில் நிற்பவை கால், முக்கால். அதைவிடக் குட்டை அரைக்கால்கள், ஆங்கிலத்தில் எட்டில் ஒன்று என்பது, கடைக்காரரின் நூல். எல்லாவற்றிலும் குட்டை பதினாறில் ஒன்று. பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று போய்க்கொண்டே இருக்கிற ஒரே காரியம்தான் ஸ்கேல். இட்லியைப் பங்கு போடுகிற அம்மாக்களுக்கு இது தெரியும்.

ஆகவே கோட்டை ஒன்று, இரண்டு என்று எண்ணவே கூடாது. முதலில் பக்கத்தில் இருக்கிற பெரிய மனிதரைப் பிடிக்க வேண்டும். அப்புறம் அவரிடமிருந்து எத்தனை அணா தள்ளி என்று பார்த்தால் போதும். ஆரம்பத்தில் பேனா வைத்தீர்களே, அது முக்காலுக்கு ஓரணா கம்மி. முக்கால் பன்னிரண்டணா, ஒன்று போனால் பதினொன்று. பதினாறில் பதினொன்று. தீர்ந்தது.

இன்னொரு சூட்சுமம் உண்டு. பதினாறில் பத்து என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாதியாக்கி எட்டில் ஐந்து என்பார்கள். மேலே இரட்டைப்படை வந்தால் அது குட்டைக் கோடே அல்ல, வேறு உயரமான கோட்டில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். குட்டைக் கோடு அத்தனைக்கும் மேலே ஒற்றைப்படைதான். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. இதை ஒரு தரம் ஸ்கேலில் விரல் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

மாமனார் ஸ்டீல் ரூலில் ஒரு இன்ச்சை அறுபத்துநாலாகவே பிரித்திருந்தது. மயிரிழை மாதிரிக் கோடுகள். அதற்கும் அவர் கணக்கு வைத்திருந்தார். 64-ல் ஒன்று காலணா, 32-ல் ஒன்று அரையணா. 1950-ல் குடியரசு ஆனதும் அடித்த நாணய வரிசையை எடுத்துப் பாருங்கள். ரூபாய், எட்டணா, நாலணா, இரண்டணா, ஓரணா, அரையணா, காலணா. ஸ்கேல் கோடுகளின் உயர வரிசை அதேதான்! ஒரு தலைமுறை பூராவும் சட்டைப் பையில் ஸ்கேலைப் போட்டுக் குலுக்கிக்கொண்டு நடந்திருக்கிறது.

தமிழிலோ அணாவுக்கும் முன்னாலிருந்தே இதற்கெல்லாம் பெயர் உண்டு. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. அதற்கே இன்னொரு பெயர் மாகாணி. மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பெயரிலேயே கூட்டல் போட்டு வைத்த பாட்டனார்களின் பேரன், கண்ணாடிக் கடையில் திருதிருவென்று முழித்தான். அரைக்கால் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அரைக்கால் டிரவுசர்.

அசட்டுத்தனம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்று ஒரு ஆறுதல். அமெரிக்காவில் 1980-களில் ஏ அண்டு டபிள்யூ என்ற ஹோட்டல் கம்பெனி, பவுண்டில் மூன்றில் ஒரு பங்கு இறைச்சி வைத்து பர்கர் போட்டது. போட்டிக் கடையான மெக்டொனால்ட்ஸில் நாலில் ஒரு பங்குதான். விலையில் வித்தியாசம் இல்லை. ஆனாலும் போணியாகவில்லை. ஏன் என்று ஜனங்களைக் கூப்பிட்டு விசாரித்தால், "நாலு பெரிசா மூணு பெரிசா? சின்னதுக்கு ஏன் அதே காசு?" என்றார்களாம் பாதிப் பேருக்கு மேல். கம்பெனி முதலாளி ஆல்ஃபிரட் டாப்மனே தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். கீழே இருக்கிற எண் பெரிசானால் பங்கு சின்னது. இதை ஒரு தேசமே கோட்டை விட்டபோது நான் எம்மாத்திரம்?

மில்லிமீட்டரில் சொல்லித் தொலைத்தால் இந்த வம்பே இல்லையே என்பீர்கள். மெட்ரிக் சட்டம் வந்தது 1956-ல். இன்றும் பிளைவுட் கடையில், "எட்டுக்கு நாலு, 18 எம்.எம்." என்று கேட்டால்தான் கிடைக்கும். நீள அகலம் அடியில், கனம் மில்லிமீட்டரில். ஒரே பலகைக்கு இரண்டு தேசத்து பாஸ்போர்ட். மெக்கானிக்கிடம் 19-ம் நம்பர் ஸ்பேனர் இல்லையென்றால் முக்கால் இன்ச்சை எடுத்துப் போடுவார். இன்ச் என்பது கரெக்டாக 25.4 மில்லிமீட்டர் என்பதால், முக்கால் 19.05; கச்சிதமாக உட்காரும். டி.வி. இன்ச்சில்தான் விற்கிறான், அதுவும் மூலைக்கு மூலை அளந்து.

பைப் கதை இதையெல்லாம்விட மோசம். அரை இன்ச் ஜி.ஐ. பைப் என்று வாங்குகிறீர்களே, வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர். அரை இன்ச் என்றால் 12.7 அல்லவா? உள்பக்கம் அளந்தாலும் வராது. எந்தப் பக்கம் ஸ்கேலை வைத்தாலும் அதில் அரை இன்ச் கிடையாது. எப்போதோ இருந்த உள்விட்டத்தின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, குப்புசாமி என்று பெயர் வைத்தவர் நிமிர்ந்து படுத்துத் தூங்குகிற மாதிரி. பைப்பை அளந்து வாங்காதீர்கள். பெயர் சொல்லி வாங்குங்கள்.

ஜன்னலுக்கு வருவோம். காபி ஆறிக்கொண்டிருக்கிறது.

"புதுக் கண்ணாடி வாங்கிடறேன் சார், இன்னிக்கே" என்றேன். "பதிமூணு ரூபா அஞ்சணா."

"தப்பு" என்றார். "பள்ளம்தான் அஞ்சணா. கண்ணாடியையும் அஞ்சணாவுக்கே வெட்டினா டைட்டாப் பிடிக்கும். மழைக்காலத்துல மரம் ஊதும், கண்ணாடி விரிசல் விட்டுரும். ஓரணாவாவது விட்டுத்தான் வெட்டணும். பதிமூணேகால். ஆனா எதுக்குப் புதுசு? காசு என்ன கொட்டியா கிடக்கு?"

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் என் அம்மாவைப் பார்த்தார். அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

"வீட்டுல தக்காளிப் பெட்டிப் பலகை ஏதாவது இருக்கா?"

இருந்தது, வென்னீர் அடுப்புக்கு வைத்திருந்தது. குடையை மூலையில் சாத்தினார். கதர் சட்டையின் கையை மடித்துக்கொண்டார். பேனாக் கத்தியால் பலகையைச் சீவி, இரண்டு குச்சி எடுத்தார். சீவுவார், ஸ்டீல் ரூலை வைத்துப் பார்ப்பார், மறுபடி சீவுவார்.

"எவ்ளோ கனம் வேணும், சொல்லுங்க பாப்போம்?"

நான் யோசித்தேன். பள்ளம் பதிமூணு ரூபா அஞ்சணா. ஓரணா விட வேண்டும். மிச்சம் நாலணா.

"நாலணா சார்."

"ஒரே பக்கம் நாலணா வெச்சீங்கன்னா அந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பிடிப்பு இல்லாமப் போயிடும். சட்டத்துல பள்ளமே நாலணா ஆழம்தான்."

"அப்ப, பக்கத்துக்கு ரெண்டணா."

"அதுக்கு ஆசாரி என்ன பேர் சொல்லுவான்?"

"ஒரு நூல்" என்றேன். மேஸ்திரிகள் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

பீடிங்கை ஸ்குரூ டிரைவரால் நெம்பிக் கழற்றி, பக்கத்துக்கு ஒரு நூல் குச்சியைப் பொருத்தி, நடுவில் கண்ணாடியை நிறுத்தி, மறுபடி பீடிங்கை அடித்தார். ஆணி அடித்தது நான். அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பெண்ணைப் பற்றியோ, நாள் பார்ப்பது பற்றியோ பேச்சே வரவில்லை. அம்மா இரண்டாவது காபி போடப் போனாள்.

அப்போது பீச் லோக்கல் வந்தது. மூவரும் பேசாமல் ஜன்னலைப் பார்த்தோம். தண்டவாளம் அதிர்ந்தது, அலமாரியில் பாத்திரம் அதிர்ந்தது, ரயில் போயிற்று. கண்ணாடி வாய் திறக்கவில்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ரூலைத் திரும்பப் பையில் வைக்கப் போனவர், ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு, என் பக்கம் நீட்டினார்.

"வெச்சுக்குங்க. என்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

வாங்கிக்கொண்டேன். இன்றும் என் மேஜையில்தான் இருக்கிறது. இதை எழுதும்போதுகூட, காலணாக் கோடுகளைப் பார்க்க மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. அன்றைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். அவர் தரையில் எதையோ தேடினார்.

"அந்த ஆப்பு வெச்ச தாள் எங்க, மாப்ளே? அதுல ஒரு ஜோக்கு பாதி படிச்சேன்."